தழும்போடு வளர்ந்தவர்கள்

1954-இல் எஸ்.எஸ்.வாசன் ‘பஹுத் தின் ஹுயே’ என்ற இந்திப் படத்தைச் சென்னையில் எடுத்துக்கொண்டிருந்தார். கதாநாயகி மதுபாலாவுக்கு அப்போது 21 வயது. படப்பிடிப்புக்கு நடுவே ரத்த வாந்தி எடுத்தார். அவர் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் இடையே பிறவியிலேயே ஓட்டை இருந்தது. அதை மூடும் அறுவை அன்றைக்கு இந்தியாவில் இல்லை. அதன் பிறகும் அவர் ‘முகல்-ஏ-ஆஸம்’ வரை நடித்தார். பின்னாளில் லண்டனுக்கு அழைத்துச் சென்று காட்டியபோது, காலம் கடந்துவிட்டது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். 1969 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார்.

அதே 1954-இன் மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை என்ற அறுவை நிபுணர் ஒரு குழந்தையின் இதயத்தைத் திறந்து, இதே கீழறை ஓட்டையைத் தைத்து மூடினார். இதயத்தின் வேலையைச் சில மணி நேரம் ஏற்றுக்கொள்ளும் எந்திரம் நம்பகமாக வந்து சேராத காலம் அது. குழந்தையின் தந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்து, அவர் ரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ரத்த ஓட்டத்தை இணைத்தார்கள். தந்தையின் இதயமும் நுரையீரலும் இரண்டு உடம்புக்கும் சேர்த்து உழைத்தன. அந்தக் குழந்தை 11-ஆம் நாள் நிமோனியாவில் இறந்தது. லில்லஹை நிறுத்தவில்லை. அடுத்த ஓராண்டுச் சொச்சத்தில் இந்த முறையில் 45 பேருக்கு அறுவை செய்தார். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

அந்த 28 பேரில் தொடங்கிய வரிசை இன்று லட்சக்கணக்கில் நீண்டுவிட்டது. வளர்ந்த நாடுகளில் இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அங்கெல்லாம் இப்போது பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளைவிடப் பெரியவர்களின் எண்ணிக்கைதான் அதிகம். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் ஐந்தில் ஒரு குழந்தைக்குக் குறை கடுமையானது. முதல் ஆண்டுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னால் நின்ற மாநிலம். வேலூர் சி.எம்.சி.யில் 1960-களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவை நடந்தது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் என்று அடுத்தடுத்து இடங்கள் வந்தன. காசில்லாதவர்களுக்கு, இலவசமாக இதய அறுவை செய்யும் புட்டபர்த்தி மருத்துவமனை இருந்தது. 2008-இல் பள்ளிச் சிறார்களின் இதய அறுவைக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நிலத்தை அடகு வைக்காமல் ஏழைக் குழந்தைக்கு இதய ஆபரேஷன் நடக்கும் என்ற நிலை அப்போதுதான் உண்டானது. அன்று அரைக்கால் சட்டையோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர்களுக்கு இன்று இருபது, இருபத்தைந்து, முப்பது வயது. வேலைக்குப் போகிறார்கள். கல்யாணம் ஆகிறது. பிள்ளை பெறுகிறார்கள்.

ஆனால் அவர்களில் பலர் கடைசியாக எப்போது எக்கோ எடுத்தார்கள் என்று கேட்டால், பத்தாம் வகுப்பு படிக்கும்போது என்பார்கள். “ஓட்டையை அடைச்சாச்சு, இனி ஒண்ணுமில்ல” என்று யாரோ எப்போதோ சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி மொத்தக் குடும்பமும் நிம்மதியாக இருக்கிறது. சிலருக்கு அந்த நிம்மதி நியாயமானது. சிறு ஓட்டை, குழந்தையிலேயே மூடியாகிவிட்டது, கசிவு இல்லை, நுரையீரல் அழுத்தம் ஏறவில்லை என்றால் மற்றவர்களைப் போலவே வாழலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இதைப் படித்துவிட்டு அப்படிப்பட்டவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மற்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. குழந்தைப் பருவ அறுவை அவர்களுக்கு உயிரைக் கொடுத்தது. ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டிய ஓர் இதயத்தையும் சேர்த்தே கொடுத்தது.

கசியும் வால்வு

நீலம் பாய்ந்த குழந்தைகள் என்று நாம் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஃபேலோ குறைபாடு. 1888-இல் பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ஃபேலோ இதைத் தெளிவாக விவரித்தார். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில் குறுகல், ஓட்டைக்கு நேர் மேலே நகர்ந்து நிற்கும் மகாதமனி, தடித்துப்போன வலது கீழறை என்று நான்கும் சேர்ந்து வரும். விளையாடும் குழந்தை உதடு நீலமாகி, மூச்சு வாங்கி, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே அந்தப் பிஞ்சு கண்டுபிடித்திருக்கும்.

அறுவையில் ஓட்டையை ஒட்டுத்துணி வைத்து மூடுவார்கள். குறுகிய பாதையை வெட்டி அகலப்படுத்துவார்கள். பல குழந்தைகளுக்கு அந்தக் குறுகல் நுரையீரல் வால்வின் வளையத்திலேயே இருக்கும். வளையத்தைக் குறுக்கே வெட்டித் திறந்தால்தான் ரத்தம் போகும். வெட்டினால் வால்வு போய்விடும். உயிரா வால்வா என்ற இடத்தில் அறுவை நிபுணர் உயிரைத் தேர்ந்தெடுக்கிறார். அது சரியான முடிவுதான். குழந்தை ரோஜா நிறத்துக்கு மாறி வீட்டுக்குப் போகிறது.

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். ஏற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கும். மோட்டார் கூடுதலாக ஓடும். தண்ணீர் வருகிறதே என்று விட்டுவைத்தால் ஒருநாள் காயில் கருகும். வலது கீழறைக்கும் இதே கதிதான். ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்குத் தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து விழுகிறது. அந்த அறை பொறுமையானது. பத்து, இருபது ஆண்டுகள் முனகாமல் தாங்கும். தாங்கிக்கொண்டே விரியும்.

இதில் மோசமான அம்சம், நோயாளிக்கே தெரியாது என்பதுதான். பிறந்ததிலிருந்து குறை இதயத்தோடு வாழ்ந்தவருக்கு முழு இதயம் எப்படி இருக்கும் என்ற ஒப்பீடே கிடையாது. மாடிப்படியில் நின்று நின்று ஏறுவார். அதுதான் தன் வேகம் என்று நினைப்பார். பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அது தன் சுபாவம் என்பார். டாக்டர் கேட்டால் “நல்லா இருக்கேன் சார்” என்று மனமார உண்மையைத்தான் சொல்வார். ஆகவே வாய்வார்த்தையை நம்பாமல், முகமூடி மாட்டி ஓடவிட்டு உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் சோதனை தேவைப்படுகிறது. நன்றாக இருப்பதாகச் சொன்னவரின் திறன், அவர் வயது ஆட்களின் திறனில் பாதியாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக், 1955 முதல் 1960 வரை இந்த அறுவை செய்துகொண்டு பிழைத்த 163 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டது. 32 ஆண்டுகளுக்குப் பின் 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதே வயதுப் பொதுமக்களில் அந்த அளவு 96 சதவீதம். அறுவை இல்லாவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் சிறு வயதைத் தாண்டியிருக்கவே மாட்டார்கள் என்பதால், 86 என்பது மகத்தான எண். ஆனால் 86-க்கும் 96-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பத்துப் பேர் யார், ஏன் போனார்கள் என்று கேட்பதுதான் பிறவி இதயக் குறையுள்ள பெரியவர்களுக்கான மருத்துவத்தின் வேலை. அவர்களில் சிலர் திடீரென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இறந்தவர்கள்.

1995-இல் லண்டனிலிருந்து ஒரு விடை வந்தது. சாதாரண ஈ.சி.ஜி. காகிதத்தில், கீழறை சுருங்குவதைக் காட்டும் கூர்மையான அலையின் அகலத்தை அளந்தார்கள். விரிந்துபோன அறையில் மின்சாரம் பரவ நேரமாகும், அலை அகலமாகும். அது 180 மில்லி விநாடியைத் தொட்டவர்களுக்குத்தான் உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு வந்திருந்தது. காகிதத்தில் அது நான்கரைச் சிறு கட்டம். ஈ.சி.ஜி. எடுக்க ஆகும் செலவைப் பாருங்கள், அது காட்டிக்கொடுக்கும் ஆபத்தைப் பாருங்கள். இன்றைக்கு வேறு பல அளவுகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்றாலும், ஆண்டுதோறும் ஈ.சி.ஜி. எடுத்து முந்தைய ஆண்டின் காகிதத்தோடு வைத்துப் பார்ப்பதற்கு இணையான எளிய காவல் இல்லை.

அடுத்தது இதய எம்.ஆர்.ஐ. வலது கீழறை விரிந்த நிலையில், உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 160 மில்லியைத் தாண்டினாலோ, சுருங்கிய நிலையிலும் 80 மில்லிக்குக் குறையாமல் நின்றாலோ, புது வால்வு வைக்கும் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். அதற்கு மேல் விட்டால் வால்வு வைத்த பிறகும் அறை பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். அவசரப்பட்டு வைத்தாலும் சிக்கல். திசு வால்வு பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுதான் உழைக்கும். இருபது வயதில் வைத்தால் ஆயுளுக்குள் இன்னும் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். பிந்தாமலும் முந்தாமலும் அந்தத் தருணத்தைப் பிடிப்பதற்காகத்தான் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு.

மறுபடி நெஞ்சைப் பிளப்பார்களோ என்ற பயத்திலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2000-ஆம் ஆண்டு பாரிஸில், 12 வயதுச் சிறுவனுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே நுரையீரல் வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அந்த முறை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. எல்லாருக்கும் பொருந்தாது, பாதையின் அகலம், அமைப்பு எல்லாம் ஒத்துவர வேண்டும். விலையும் லட்சங்களில்தான். ஆனாலும் இரண்டாவது சிகிச்சை என்றாலே மார்பெலும்பை அறுப்பது என்ற காலம் போய்விட்டது.

தழும்பைச் சுற்றும் மின்சாரம்

இதயத்தில் கத்தி பட்ட இடம் ஆறித் தழும்பாகும். தழும்பில் மின்சாரம் பாயாது, சுற்றிக்கொண்டு போகும். பல ஆண்டுகள் கழித்து, மேலறை விரிந்திருக்கும் நிலையில், அந்த மின்சாரம் தழும்பையே வட்டமடிக்கத் தொடங்கிவிடும். மேலறையில் இந்தச் சுற்று நிமிடத்துக்கு 220, 240 தடவை ஓடும். பாதியைத்தான் கீழறைக்கு விடும். ஆகவே நாடி 110, 120 என்று இருக்கும். அவசரப் பிரிவில் பார்ப்பவர்கள் பயத்தினாலோ காய்ச்சலினாலோ வரும் வேகத் துடிப்பு என்று நினைத்து அனுப்பிவிடக்கூடிய எண் அது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பயத் துடிப்பு படுத்தால் குறையும், நடந்தால் கூடும். தழும்பைச் சுற்றும் துடிப்பு படுத்தாலும் 115, நடந்தாலும் 115 என்று பிடிவாதமாக ஒரே எண்ணில் நிற்கும். பழைய இதய ஆபரேஷன் ஆனவருக்கு நாடி இப்படி நின்றுவிட்டால், வலி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்து, இதய டாக்டரிடம் காட்ட வேண்டும். நாள்கணக்கில் விட்டால் மேலறையில் ரத்தம் உறையும். கட்டி மூளைக்குப் போகலாம். ஏற்கனவே களைத்த கீழறை செயலிழக்கலாம். படபடப்போடு மயக்கமும் வந்தால் அது கீழறைத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். அங்கே மணி நேரக் கணக்குகூடக் கிடையாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கலாம். ரத்தம் உறையாமல் மாத்திரை தரலாம். கம்பி வழியாக உள்ளே போய், எந்த வட்டத்தில் மின்சாரம் சுற்றுகிறது என்று முப்பரிமாண வரைபடம் போட்டு, அந்த இடத்தைச் சுட்டுத் துண்டிக்கலாம். கீழறைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டால் தோலுக்கடியில் கருவி வைக்கலாம். உயிருக்கு ஆபத்தான துடிப்பு வந்த சில விநாடிகளிலேயே அது உள்ளிருந்து அதிர்ச்சி கொடுத்துவிடும். இவ்வளவும் செய்ய முடியும். ஆனால் குழந்தையாக இருந்தபோது எங்கே வெட்டினார்கள், எங்கே தைத்தார்கள் என்று தெரிந்தால்தான் தழும்பு எங்கே என்று தெரியும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இங்கேதான் தங்கமாகிறது.

திருப்பி மாட்டிய இதயங்கள்

இரண்டு பெரும் ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு, ஸ்வீடனில் சென்னிங்கும் கனடாவில் மஸ்டர்டும் கண்டுபிடித்த அறுவைகள் பல ஆண்டுகள் நடந்தன. குழாய்களை அப்படியே விட்டு, மேலறையில் ரத்தத்தின் பாதையைத் திருப்பிவிடுவது அந்த முறை. இதனால் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவதற்காகப் படைக்கப்பட்ட வலது கீழறை, மொத்த உடம்புக்கும் தள்ளும் பொறுப்பை ஏற்றது. முப்பது, நாற்பது வயதில் அது களைக்கிறது. குழாய்களையே மாற்றித் தைக்கும் அறுவையை 1975-இல் பிரேசிலின் ழாதெனே செய்துகாட்டிய பிறகு பழைய முறைகள் மெல்ல மறைந்தன. பழைய முறையில் பிழைத்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். மூச்சு வாங்குவது, கால் வீங்குவது மட்டுமல்ல, நாடி மிகக் குறைந்து பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் இவர்களிடம் அதிகம்.

இதைவிடத் துணிச்சலானது ஃபான்டான் அறுவை. ஒரே ஒரு கீழறையோடு பிறக்கும் குழந்தைக்கு அந்த ஒன்றை உடம்புக்கு ஒதுக்கிவிட்டு, அசுத்த ரத்தத்தை எந்த அறையின் உதவியும் இல்லாமல் நேரே நுரையீரலுக்குள் வழியவிடுவது. 1968-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் தொடங்கியது. தள்ளுவதற்கு அறை இல்லாததால் சிரை ரத்தத்தின் அழுத்தம் எப்போதும் ஏறியே நிற்கும். அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்காகக் கல்லீரல் சுமக்கும், நார்த்திசு படியும், சிலருக்குக் கட்டிவரை போகும். குடல் வழியாகப் புரதம் கசிந்து உடம்பு ஊதும். இதய டாக்டரைப் பார்ப்பதோடு கல்லீரல் ஸ்கேனும் இவர்களுக்குக் கட்டாயம். ஒருநாள் வாந்தி பேதி என்றால் மற்றவர்களுக்கு இளநீர் போதும். உடம்பில் நீர் குறைந்தால் இவர்களுக்கு ரத்த ஓட்டமே குறையும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மகாதமனிக் குறுகலுக்கு அறுவை ஆனவர்களின் எதிரி ரத்த அழுத்தம். குறுகல் சரியான பிறகும் பலருக்கு அழுத்தம் ஏறும். தைத்த இடம் மறுபடி குறுகலாம் அல்லது பலூன் போல ஊதலாம். இவர்கள் வலது கையில்தான் பி.பி. பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வப்போது காலிலும். பழைய அறுவையில் இடது கைக்குப் போகும் தமனியை எடுத்தே ஒட்டுப்போட்டிருந்தால், அந்தக் கையில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நீலக் குழந்தையாக இருந்தபோது கைத் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் அறுவை ஆனவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கை அப்படித்தான். நர்ஸ் எந்தக் கை வசதியோ அதில் கட்டுவார். “சிஸ்டர், இந்தக் கையில வேணாம்” என்று சொல்லத் தெரிந்திருப்பது மருந்துக்குச் சமம்.

காய்ச்சலுக்கு ஊசி போடும் முன்

செயற்கை வால்வு, குழாய், ஒட்டுத்துணியின் ஓரத்தில் மிச்சக் கசிவு, இதயத்தில் முன்பு ஒருமுறை கிருமித் தொற்று என்று ஏதாவது இருந்தால், ரத்தத்தில் வரும் கிருமி அங்கே தங்கிக் குடியேறும். பெரும்பாலும் வாயிலிருந்து வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாய், இதய நோயாளிக்குத் திறந்த கதவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர். பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ போனால், இதய டாக்டர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரத்துக்கு முன்பாகப் போட்டுக்கொள்வது. பச்சை குத்துவதும் உடம்பில் கண்ட இடத்தில் துளையிடுவதும் வேண்டாம்.

நம் ஊரில் காய்ச்சல் என்றால் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி, மூன்று நாள் ஆன்டிபயாட்டிக். இந்தப் பழக்கம் இவர்களுக்கு ஆபத்து. அந்த மூன்று நாள் மருந்து கிருமியை அரைகுறையாக அடக்கும், காய்ச்சல் இறங்கும், உள்ளே வால்வு அரிபட்டுக்கொண்டே இருக்கும், பிறகு ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாது. இதய ஆபரேஷன் ஆனவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே ரத்தத்தை கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை எழுதி மருந்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணமும் கர்ப்பமும்

இங்கே நோயைவிட மனிதர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மார்பில் நேர்க்கோடாகத் தழும்பு உள்ள பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது வீடு பேசிக்கொள்ளும் முதல் வாக்கியம், “இதைச் சொல்ல வேணாம்.” தாய்தகப்பனைக் குற்றம் சொல்லி என்ன பயன், சொன்னால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மறைத்த பிறகு என்ன நடக்கிறது? புகுந்த வீட்டில் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்க வேண்டும். எக்கோவுக்குப் போக ஒரு பொய் வேண்டும். மெல்ல இரண்டும் நின்றுபோகின்றன. உடனே கர்ப்பம். முதல் முறையாக எல்லா உண்மையும் பிரசவ வார்டில் வெளிவருகிறது. பிறவி இதயக் குறையுள்ள பெண்களுக்கு நம் சமூகம் செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான் என்பேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறது.

உண்மையில் பெரும்பாலோர் பிள்ளை பெறலாம். மூடப்பட்ட சிறு ஓட்டைக்குக் கூடுதல் ஆபத்து அநேகமாக இல்லை. நன்றாகச் சரிசெய்த ஃபேலோ குறைபாடு உள்ளவர்கள் கண்காணிப்போடு பெறலாம். சென்னிங், மஸ்டர்ட், ஃபான்டான் அறுவை ஆனவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கும் ஆபத்து கணிசமானது. பெரிய மருத்துவமனையின் கூட்டுக் கவனிப்பு இல்லாமல் இறங்கக்கூடாது. நுரையீரல் ரத்த அழுத்தம் மிக ஏறியவர்கள் கர்ப்பம் தரிக்கவே கூடாது. ஓட்டையைக் காலத்தே மூடாமல் விட்டதால் அழுத்தம் ஏறி, ரத்தம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கிய பெண்களில், கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் மூன்றில் ஒருவர்வரை இறந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40, 50 சதவீதம் கூடுகிறது. ஏழெட்டு மாதத்தில் இதயம் உச்சச் சுமையில் இருக்கும். பிள்ளை பிறந்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள்களில் கால், கருப்பை எல்லாவற்றிலிருந்தும் நீர் ரத்தத்துக்குத் திரும்புவதால் மறுபடி ஓர் ஆபத்து. குழந்தையை எல்லாரும் கொஞ்சிக்கொண்டிருக்கும் அந்த நாள்களில் தாயைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். சிசேரியன் கட்டாயம் என்பதும் தவறான நம்பிக்கை. வலி தெரியாமல் முதுகில் ஊசி போட்டுச் சுகப்பிரசவம் பார்ப்பதே பெரும்பாலோருக்கு நல்லது.

ஆகவே பேச்சு கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். பி.பி.க்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் சில மாத்திரைகளும், வால்வுக்காரர்கள் சாப்பிடும் வார்ஃபரினும் கருவைப் பாதிக்கக்கூடியவை. தானாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் கருவுக்கு. டாக்டர்தான் மாற்றிக்கொடுக்க வேண்டும். ஃபான்டான் ஆனவர்களும் நீலம் பாய்ந்தவர்களும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடக்கூடாது; ரத்தம் உறையும். குழந்தைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. கர்ப்பத்தின் 18-ஆவது வாரத்திலிருந்து 22-க்குள் சிசுவின் இதயத்துக்கென்று தனி எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம். ஃபேலோ குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு 22-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமலிருக்கும்; அவர்கள் பிள்ளைக்கு அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

உடற்பயிற்சி கூடாது, கனமான வேலை கூடாது, வெளியூர் கூடாது என்று ‘கூடாது’களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் இவர்கள். அந்தப் பயத்திலேயே உடல் பெருத்து, சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து வந்து, பிறவிக் குறையோடு சம்பாதித்த குறையும் கூடிக்கொள்கிறது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஷான் ஒயிட் ஃபேலோ குறைபாட்டோடு பிறந்தவர். ஒரு வயதுக்குள் இரண்டு அறுவை. 2006, 2010, 2018 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். எல்லாரும் ஒலிம்பிக் போக முடியாது. ஆனால் அளந்து சொல்லப்பட்ட நடையும் சைக்கிளும் நீச்சலும் பெரும்பாலோருக்கு மருந்து.

இடையில் தொலைந்தவர்கள்

குழந்தை இதய டாக்டர் பதினெட்டு வயதுவரை பார்ப்பார். பெரியவர்களின் இதய டாக்டருக்கு அடைப்பும் ஆஞ்சியோவும் அன்றாடம். ஃபான்டான் இதயம் எப்போதாவதுதான் வரும். இந்த இரண்டு வாசலுக்கும் இடையில்தான் பிள்ளைகள் தொலைகிறார்கள். காசும் வசதியும் இலவச மருத்துவமும் உள்ள கனடாவிலேயே, 2004-இல் வெளியான ஆய்வில், 47 சதவீதம் பேர்தான் குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். லண்டனில் ஜேன் சோமர்வில் என்ற பெண் மருத்துவர், இவர்களுக்கென்று தனி வார்டு வேண்டும் என்று 1970-களிலேயே போராடி வாங்கினார். நம் நாட்டில் இவர்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகள் இன்னும் மிகச் சிலவே. குழந்தை இதய அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைகளில் விசாரித்தால், பெரியவர்களையும் பார்க்கும் டாக்டரைக் காட்டுவார்கள்.

அங்கே போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? அறுவை நடந்த இடம், ஆண்டு, அறுவையின் பெயர், வைத்த வால்வின் அளவு அட்டை, கடைசி எக்கோ, பழைய ஈ.சி.ஜி. காகிதத்தில் இருப்பது செல்லரிக்கும் முன் போனில் படமெடுத்து, அம்மா போனிலும் மனைவி அல்லது கணவன் போனிலும் வைத்துவிடலாம். தொலைந்திருந்தால், அறுவை செய்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்குப் பெயர், பிறந்த தேதி, ஆண்டு போட்டு எழுதிக் கேட்கலாம். பத்து வயதிலிருந்தே பிள்ளைக்குத் தன் குறையின் பெயரைச் சொல்லப் பழக்க வேண்டும். அப்பாவையே பேசவிட்டு இருபது வயதுவரை டாக்டர் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளை, வேலைக்காக ஓசூருக்கோ துபாய்க்கோ போன பிறகு தானாக டாக்டரைத் தேடாது.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. காப்பீட்டில் நடந்த ஒவ்வொரு அறுவைக்கும் பணம் கொடுத்த பதிவு அரசிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: சிறு வயதில் இந்த வீட்டில் யாருக்காவது இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? ஆமாம் என்றால், பக்கத்து அரசு மருத்துவமனையில் ஓர் ஈ.சி.ஜி., மாவட்ட மருத்துவக் கல்லூரியில் ஓர் எக்கோ, அங்கிருந்து தேவைப்படுபவர்களுக்கு மட்டும் சென்னைக்கோ வேலூருக்கோ ஒரு சீட்டு. இரண்டாவது வால்வுக்கும், துடிப்புக் கோளாறு சிகிச்சைக்கும், எம்.ஆர்.ஐ.க்கும் காப்பீட்டில் போதிய தொகை ஒதுக்க வேண்டும். குழந்தைக்கு முதல் அறுவை செய்யப் பணம் கொடுத்த அரசுக்கு, அதே பிள்ளை இருபத்தைந்து வயதில் வந்து நிற்கும்போதும் கொடுக்கும் கடமை இருக்கிறது.